திருநங்கை இரத்தம் கொடுக்கலாமா? தெரிந்து கொள்வோம்



ஜூன் 14 உலக இரத்த கொடையாளர் நாள். அக்டோபர் 1 தேசிய தன்னார்வ இரத்த தான நாள். இந்த நாட்களை ஒட்டி ஊர் ஊராக இரத்த தான முகாம் நடக்கும். நம் கூட்டமைப்புகளும் பந்தல் போட்டு, ஆள் திரட்டி, மோர் கொடுத்து உதவுவது வழக்கம். அப்போது உறுப்பினர்கள் மத்தியில் ஒரு கேள்வி எழுகிறது.

"நம்ம ஊர்ல ஒரு திருநங்கை இருக்காங்க. குழுவுலயும் சேர்ந்திருக்காங்க. அவங்க இரத்தம் கொடுக்கலாமா? ஹார்மோன் மாத்திரை வேற சாப்பிடுறாங்களே, அந்த இரத்தத்தை ஏத்தினா நமக்கு ஏதாவது ஆயிடுமா?"

கேட்க வேண்டிய கேள்விதான். வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பயப்படுவதைவிட கேட்டுத் தெளிவது நல்லது. பதிலைச் சுருக்கமாக முதலில் சொல்லி விடுகிறோம். 2017-ல் இந்திய அரசு வெளியிட்ட விதிப்படி திருநர்கள் இரத்தம் கொடுக்க முடியாது. ஆனால் அதற்குக் காரணம் ஹார்மோன் மாத்திரை இல்லை. அந்த விதி சரியா என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் நடந்து வருகிறது. இதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரத்தம் யாருக்குத் தேவைப்படுகிறது?

இதைப் பெண்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் போனால் தாயின் உயிர் கொஞ்ச நேரத்தில் போய்விடும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களில் இருந்து கீழே இறங்கி ஆஸ்பத்திரி வந்து சேருவதற்கே நேரமாகிறது. வந்து சேர்ந்த பிறகு இரத்தம் இல்லை என்றால் என்ன செய்வது? சாலை விபத்து, அறுவை சிகிச்சை, புற்றுநோய், மாதா மாதம் இரத்தம் ஏற்றியே வாழும் தலசீமியா குழந்தைகள் என்று தேவை நீண்டு கொண்டே போகிறது.

ஒருவர் கொடுக்கும் இரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்து மூன்று பேருக்குக்கூடக் கொடுக்கலாம். பிளாஸ்மா என்பது இரத்தத்தில் உள்ள மஞ்சள் நிற நீர். அதை உறைய வைத்து ஓர் ஆண்டு வரை வைத்திருக்கலாம். சிவப்பணு 35 முதல் 42 நாள் வரை தாங்கும். தட்டணு 5 நாள்தான். அதனால்தான் இரத்த வங்கிக்குப் புதிய கொடையாளர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இரத்தம் கிடைத்தால் மட்டும் போதாது, சுத்தமானதாகவும் இருக்க வேண்டும். 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததை நாம் மறக்க முடியாது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தன் உடம்பில் கிருமி இருப்பது அப்போது தெரியாது. நடந்தது பரிசோதனையில் ஏற்பட்ட தவறு. ஆகவே இரத்தம் பெறுபவரின் பாதுகாப்பு என்பது சாதாரண விஷயம் இல்லை. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

விதி என்ன சொல்கிறது?

தேசிய இரத்தப் பரிமாற்றக் குழுவும், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2017 அக்டோபரில் இரத்தக் கொடையாளர்களைத் தேர்வு செய்வதற்கான வழிகாட்டு விதிகளை வெளியிட்டன. அதில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி ஆகியவை தொற்றும் அபாயம் அதிகம் உள்ளவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. திருநர்கள், ஆணுடன் உறவு கொள்ளும் ஆண்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள், போதை ஊசி போடுபவர்கள், பலருடன் உறவு வைத்திருப்பவர்கள் ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். இவர்கள் இரத்தம் கொடுக்க நிரந்தரத் தடை.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். போதை ஊசி போடுவது ஒரு செயல். பலருடன் உறவு வைத்திருப்பதும் ஒரு செயல். ஆனால் திருநங்கையாக இருப்பது செயல் இல்லை, அது ஒருவருடைய பிறவி இயல்பு. ஒரே துணையோடு வாழும் திருநங்கையும், துணையே இல்லாமல் தனியாக இருக்கும் திருநங்கையும் இந்த விதியில் ஒன்றாகத்தான் அடைபடுகிறார்கள். வழக்குக்கு வந்திருப்பது இந்த இடம்தான்.

அரசு தரப்பு சொல்லும் காரணம்

அரசு இதைச் சும்மா சொல்லவில்லை. 2017-ல் நாட்டில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 100-க்கு 0.22 பேர் என்று கணக்கிடப்பட்டது. அதே ஆண்டு எடுத்த கண்காணிப்பு ஆய்வில் திருநங்கைகளிடையே அது 100-க்கு 3 பேருக்கு மேல் (3.14) இருந்தது. வித்தியாசம் பெரிதுதான்.

அடுத்த காரணம் பரிசோதனையைப் பற்றியது. கொடுக்கும் இரத்தம் ஒவ்வொன்றையும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கிருமி உடம்பில் புகுந்த உடனே சோதனையில் தெரியாது. சில வாரம் ஆகலாம். 'நாட்' என்ற நவீன சோதனையில் எச்.ஐ.வி. கிருமியைச் சுமார் 10 நாளிலேயே கண்டுபிடிக்கலாம், ஆனால் அந்த வசதி எல்லா இரத்த வங்கியிலும் இல்லை. இந்த இடைவெளியில் கொடுக்கும் இரத்தம் ஆபத்தானது. ஆகவேதான் முன்கூட்டியே வடிகட்டுகிறோம் என்கிறது அரசு.

மறுதரப்பு சொல்லும் நியாயம்

அதே கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். 100 திருநங்கைகளில் 3 பேருக்குக் கிருமி இருந்தது என்றால் மீதி 97 பேருக்கு இல்லை என்றுதானே அர்த்தம்? அந்த 97 பேரையும் வாழ்நாள் முழுக்க ஒதுக்கி வைப்பது சரியா?

இன்னொன்று, இடைவெளி என்பது எல்லோருக்கும் பொதுவானது. தாலி கட்டிய மனைவியாக இருந்தாலும், வெளியில் உறவு வைத்திருக்கும் கணவன் மூலம் அவருக்குத் தொற்று வரலாம். இதை நம் மாவட்டத்துப் பெண்கள் அறியாதவர்கள் இல்லை. லாரி ஓட்டப் போன இடத்திலும், பிழைக்கப் போன ஊரிலும் வாங்கி வந்ததை வீட்டில் இருந்த பெண்கள் சுமந்தார்கள். கிருமி ஆணா, பெண்ணா, திருநங்கையா என்று பார்த்து வருவதில்லை. பாதுகாப்பில்லாத உறவு, சுத்தமில்லாத ஊசி, சோதிக்காத இரத்தம், தாயிடமிருந்து பிள்ளைக்கு என்ற வழிகளில்தான் வருகிறது.

நம் குழு அனுபவத்தை வைத்துச் சொன்னால் இது எளிதாகப் புரியும். ஐஃபாட் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதலில் ஆரம்பித்தது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அந்தக் காலத்தில் "பொம்பளைங்களுக்குக் கடன் கொடுத்தா திரும்ப வருமா?" என்று கேட்டவர்கள் உண்டு. அப்புறம் என்ன ஆயிற்று? பெண் என்று பார்க்காமல், குழுவின் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தார்கள். சேமிப்பு ஒழுங்கா, கூட்டம் ஒழுங்கா, உள்கடன் திரும்புகிறதா என்று ஒவ்வொரு குழுவையும் தனித்தனியாகத் தர மதிப்பீடு செய்தார்கள். சரியில்லாத குழுவுக்குக் கடன் இல்லை, சரியான குழுவுக்கு உண்டு. இரத்த தானத்திலும் அப்படித்தான் ஆளுக்கு ஆள் பார்க்க வேண்டும் என்கிறார்கள் வழக்குப் போட்டவர்கள்.

வெளிநாடுகளில் எப்படி?

1980-களில் எய்ட்ஸ் பயம் வந்தபோது பல நாடுகள் இதே மாதிரி தடை போட்டன. அன்று இன்றைக்கு உள்ள சோதனைக் கருவிகள் இல்லை. பிறகு மெல்ல மெல்ல மாற்றினார்கள். இங்கிலாந்தில் 2021 ஜூன் 14 முதலும், கனடாவில் 2022 செப்டம்பரிலும், அமெரிக்காவில் 2023-லும் புதிய முறை வந்தது. அங்கே கொடையாளர் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேள்வி கேட்கிறார்கள். "கடந்த 3 மாதத்தில் புதிய துணை உண்டா? ஒருவருக்கு மேல் உண்டா?" என்பது போன்ற கேள்விகள். பதிலைப் பொறுத்து அந்த ஆளை மட்டும் சில மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் இரத்தம் கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகாது. இதுதான் நம் உறுப்பினர்களுக்கு அதிகம் குழப்பம் தரும் விஷயம்.

திருநங்கைகள் பலர் சாப்பிடுவது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு மருந்து. இது நமக்குப் புதிதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என், கடையில் வாங்கும் மாலா-டி ஆகிய கருத்தடை மாத்திரைகளிலும் இதே வகை மருந்துதான் இருக்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண் இரத்தம் கொடுக்கலாம் என்று அதே 2017 விதியில் இருக்கிறது. அப்படியென்றால் ஹார்மோன் தடை இல்லை என்று தெரிகிறது அல்லவா? ஒரு பாட்டில் இரத்தத்தில் கலந்திருக்கும் அந்தச் சிறிதளவு மருந்தால், பெறுபவரின் உடம்பு மாறிவிடாது.

ஆனால் திருநர்கள் இரத்தம் கொடுக்கும் நாடுகளில் மருத்துவர்கள் கவனிக்கும் சில விஷயங்கள் உண்டு.

முதலாவது, ஆண்மைச் சுரப்பைத் தடுக்கும் சில மருந்துகள். உதாரணமாக ஃபினாஸ்டரைடு. இது முடி கொட்டுவதற்கும், வயதான ஆண்களின் சிறுநீர்த் தொல்லைக்கும் கொடுக்கும் மருந்துதான். இது கலந்த இரத்தத்தை ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றினால் வயிற்றில் இருக்கும் சிசுவுக்குக் கெடுதல் வரலாம். ஆகவே கடைசி மாத்திரை சாப்பிட்டு ஒரு மாதம் கழித்துத்தான் கொடுக்கச் சொல்கிறார்கள். இது திருநங்கைக்கு மட்டுமான கட்டுப்பாடு இல்லை, அந்த மாத்திரை சாப்பிடும் எல்லோருக்கும் பொது.

இரண்டாவது, இரத்த அளவு. ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் திருநங்கைக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கும். ஆண்மைச் சுரப்பு மருந்து எடுக்கும் திருநம்பிக்கு அது ஏறும். அளவு பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, பிளாஸ்மா. இது பிள்ளை பெற்ற நமக்கும் பொருந்தும். கர்ப்பமாக இருந்த பெண்களின் இரத்தத்தில் சில எதிர்ப்புப் பொருள்கள் உண்டாகி இருக்கலாம். அவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அந்தப் பிளாஸ்மாவை வேறொருவருக்கு ஏற்றும்போது அபூர்வமாக நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். ஆகவே பல நாடுகளில் பிளாஸ்மாவை ஆண்களிடமிருந்தே அதிகம் எடுக்கிறார்கள். திருநங்கை கர்ப்பம் தரித்ததில்லை என்பதால் இந்தப் பிரச்சினை அவருக்கு வராது. திருநம்பி ஒருவர் முன்பு பிள்ளை பெற்றிருந்தால் வரலாம். ஆக, இங்கே டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டியது ஆணா பெண்ணா என்பதை அல்ல, கர்ப்பம் ஆனதுண்டா என்பதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. திருநங்கைகள் சிலர் டாக்டரைப் பார்க்காமல் மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரையை வாங்கி, நாளுக்கு மூன்று நான்கு என்று விழுங்குகிறார்கள். இது ஆபத்து. காலில், நுரையீரலில் இரத்தம் உறைந்து உயிருக்கே கேடு வரலாம். நம் ஊரில் யாராவது அப்படிச் செய்தால், அக்கறையோடு சொல்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வையுங்கள்.

வழக்கு எந்த அளவில் இருக்கிறது?

மணிப்பூரைச் சேர்ந்த சாந்தா குராய் என்ற திருநங்கை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அது கொரோனா காலம். நாடு முழுக்க இரத்தத்துக்கும் பிளாஸ்மாவுக்கும் ஆட்கள் அலைந்தார்கள். 2020 ஜூலையில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கியே திறந்தார்கள். (கொரோனாவுக்குப் பிளாஸ்மா சிகிச்சை பலன் தரவில்லை என்று 2021 மே மாதம் அதைக் கைவிட்டார்கள்.) அந்த நெருக்கடியிலும், கூட வாழும் திருநங்கைக்கோ சொந்தக்காரருக்கோ இரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க முடியாமல் திருநர்கள் நின்றார்கள்.

2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. விதியை உடனே நிறுத்தி வைக்க மறுத்தது. 2023-ல் மத்திய அரசு விதியை ஆதரித்துப் பதில் மனு போட்டது. 2025 மே மாதம் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, திருநர்கள் எல்லோரையுமே அபாயமானவர்கள் என்று முத்திரை குத்தலாமா என்று நீதிபதிகள் கேட்டார்கள். பாதுகாப்பும் குறையக் கூடாது, ஒரு சமூகத்துக்கு அவமானமும் வரக் கூடாது, அதற்கு வழி உண்டா என்று நிபுணர்களைக் கேட்டுச் சொல்லும்படி அரசைக் கேட்டுக் கொண்டார்கள்.

ஆகவே முகாமுக்கு நாள் குறிக்கும்போதே, அன்றைய விதி என்ன என்பதை இரத்த வங்கி மருத்துவ அலுவலரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

முகாமில் நாம் என்ன செய்ய வேண்டும்?

1. யார் கொடுக்கலாம், யார் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்வது மருத்துவ அலுவலர் மட்டுமே. ஊக்குநரோ, பிரதிநிதியோ, வாசலில் நிற்கும் நாமோ முடிவு செய்யக் கூடாது.

2. திருநங்கை ஒருவர் முகாமுக்கு வந்தால், பந்தலில் நாலு பேர் முன்னால் "நீங்க எல்லாம் கொடுக்கக் கூடாது" என்று சத்தம் போடாதீர்கள். தனியாக அழைத்துப் போய், விதி இப்படி இருக்கிறது, உங்கள் மேல் குறை இல்லை என்று டாக்டரை விட்டே சொல்லச் சொல்லுங்கள்.

3. படிவத்தில் பொய் எழுதிக் கொடுக்கும்படி யாரும் யாருக்கும் யோசனை சொல்ல வேண்டாம். விதி மாற வேண்டும் என்றால் நீதிமன்றம் இருக்கிறது. மறைத்துக் கொடுத்துப் பிறகு தெரிய வந்தால் கெட்ட பெயர் அவர்களுக்குத்தான் வரும்.

4. "எனக்கு எய்ட்ஸ் இருக்கான்னு பார்த்துக்கலாம்" என்ற எண்ணத்தில் யாரும் இரத்தம் கொடுக்க வரக் கூடாது. அதற்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. சோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

5. இரத்தம் கொடுக்கத்தான் தடை, இரத்தம் பெற யாருக்கும் தடை கிடையாது. திருநங்கைக்குச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டு திருநர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அவர்களுக்கு இரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க நாம் முன்வர வேண்டும். குடும்பம் விட்டு வந்தவர்களுக்கு "உறவுக்காரரைக் கூட்டி வா" என்றால் அவர்கள் யாரைக் கூட்டி வருவார்கள்?

6. இரத்தம் கொடுக்க முடியாதவர்கள் முகாமுக்கு வேண்டாதவர்கள் இல்லை. ஆள் திரட்டுவது, பெயர் எழுதுவது, கொடுத்தவரை உட்கார வைத்துக் கவனிப்பது எல்லாமே சேவைதான்.

நம்மில் எத்தனை பேர் கொடுக்க முடியும்?

இதையும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். 18 வயது முடிந்திருக்க வேண்டும். எடை 45 கிலோவாவது வேண்டும். ஹீமோகுளோபின் 12.5 கிராம் வேண்டும். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறையும், பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். மாதவிலக்கு நாட்களிலும், கர்ப்பமாக இருக்கும்போதும், பிரசவம் ஆகி ஒரு வருடம் வரையிலும், பால் கொடுக்கும் காலத்திலும் கொடுக்கக் கூடாது. பச்சை குத்தினாலோ காது மூக்கு குத்தினாலோ ஒரு வருடம் பொறுக்க வேண்டும்.

தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்கள் 100 பேரில் 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதாவது பாதிப் பேரை முகாமில் "போய் நல்லா சாப்பிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திருப்பி அனுப்பும்போது யாரும் நம்மைக் கேவலமாகப் பார்ப்பதில்லை. "எல்லாப் பொம்பளைங்களுக்கும் இரத்தம் குறைவு, அதனால பொம்பளைங்களே வரக் கூடாது" என்றும் யாரும் சொல்வதில்லை. விரல் நுனியில் ஊசி குத்தி, ஒவ்வொருத்தராகப் பார்த்து, தேறியவரிடம் எடுத்துக் கொள்கிறார்கள். திருநங்கைகள் கேட்பதும் இதே நியாயத்தைத்தான்.

தமிழ்நாடு அரசு 2008-லேயே அவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. உச்ச நீதிமன்றம் 2014-ல் அவர்களைத் தனிப் பாலினமாக ஏற்றது. மகளிர் திட்டத்தில் அவர்களுக்கென்று சுய உதவிக் குழுக்களும் உருவாயின. இரத்த தானத்தில் விதி எப்போது மாறும் என்பது நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. ஆனால் "அவங்க இரத்தமே கெட்ட இரத்தம்" என்ற பேச்சை நம் ஊரில் நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டு, சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரை அழைத்துப் பேசுங்கள். அன்றைக்கே எல்லோரும் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துக் கொள்ளுங்கள். முருங்கைக்கீரையும், கேழ்வரகும், இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டு, அடுத்த முகாமில் இரத்தம் கொடுக்கும் தகுதியோடு வந்து நில்லுங்கள்.